நாற்பத்திரண்டாவது பில்

ராத்திரி பதினொன்றரை மணி. ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் மரக் கிடங்குகள். மறுபக்கம் தண்டவாளத்தை மறைத்து நீளமாக ஓடும் சுவர். நடுவில் ஒரே ஒரு பைக்... அதில் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். நண்பன் என்றால், ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை. லீவு கேட்கக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஜன்னலை யாராவது சாத்திவிடுங்கள்.

அவருக்குச் சின்ன ஹார்டுவேர் கடை. பூட்டு, ஆணி, பல்பு, பெயிண்ட். கணக்கு டாலி ஆகாமல் கடையைப் பூட்ட மாட்டார் என்பதால் தெருவில் அவருக்கு வைத்த பெயர் 'டாலி'. ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார். கல்லாவைக் கவிழ்த்து எண்ணுவார். காலையில் சில்லறைக்காகப் போட்ட ஐந்நூறைக் கழிப்பார். டீக்கும் சுமைகூலிக்கும் எடுத்ததைக் கூட்டுவார். அன்றைய ரொக்க பில்களோடு அது ஒட்ட வேண்டும். ஐந்து ரூபாய் இடித்தால்கூட எழுந்திருக்க மாட்டார். "பொண்டாட்டியத் தொலைச்சாக்கூட இவ்வளவு தேட மாட்டாரு" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாளாம்.

அன்றைக்கு நூற்றெண்பது இடித்தது. குறையவில்லை. கூடுதல்.

நாமாக இருந்தால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்போம். அவரால் முடியாது. குறைந்தால் தன் நஷ்டம், கூடினால் யாரோ ஒருவருடைய காசு... அப்படி ஒரு மனுஷன். மூன்று தடவை எண்ணினார். பில் நகல்களைப் புரட்டினார். நாற்பத்தொன்று. எல்லாம் சரி. கடைசியாக பில் போடும் மெஷினில் நாள் கணக்கு அடித்தார். சீட்டு நீண்டு வந்தது.

அதில் நாற்பத்திரண்டு பில்கள் இருந்தன.

கடைசி பில்... பூட்டு ஒன்று, நூற்றெண்பது, ரொக்கம். நேரம், இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது. மெஷினிலும் அதே ஒன்பது இருபது. மாட்டி வைத்திருந்த பூட்டுகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்த பில்லையும் சேர்த்தால் கல்லா காசுக்குக் காசு சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். அக்காவிடம் சொன்னார்.

"மெஷின் ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும். காலையில பாத்துக்கலாம், படுங்க" என்றாள்.

படுத்தார். புரண்டார். பதினொன்று இருபதுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

செல்போன் சார்ஜரிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

அந்தச் சுவர் ஓரமாகப் போகும்போது பைக் தானாக நின்றது. விளக்கும் அணைந்தது. சூடான எஞ்சின் மட்டும் டிக்... டிக்... என்று ஆறிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த இரும்பு வாசனை. மழை பெய்யவே இல்லை. 'எதுக்கு இந்தப் பைத்தியக்காரத்தனம், திரும்பிப் போயிடலாமா' என்று நினைத்தாராம். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். தலை லேசாகச் சுற்றியது. பிறகு ஓர் உதை. பைக் கிளம்பியது. கடைக்குத்தான் போனார்.

பைக்கை வாசலில் நிறுத்தினார். உள்ளே போய் ஷட்டரைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டார். விளக்கைப் போட்டார். பதினொன்று நாற்பத்தெட்டு. பூட்டுகள் எல்லாம் அந்தந்த இடத்தில். கல்லா முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்திரண்டு.

மெஷின் சத்தம் போடவில்லை. கல்லா திறக்கவில்லை. பின்னால் மட்டும் மெல்ல... கிணிங்... கிணிங்... திரும்பினார். ஒரு கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதில் பூட்டு இல்லை.

அடுத்த நொடி, ஷட்டருக்கு வெளியே இரண்டு காலடிகள். தகரம் லேசாக நடுங்கியது.

க்ளக்.

இருபது வருஷமாகப் பூட்டு விற்கிறவர். அது என்ன சத்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலடிகள் அவசரமே இல்லாமல் விலகிப் போயின. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். அரை அங்குலம்கூட எழவில்லை.

கடை போனில் வீட்டுக்கு அடித்தார். அக்கா எடுத்தாள்.

"நான்தான். கடைக்குள்ள மாட்டிக்கிட்டேன். வெளியிலேர்ந்து யாரோ பூட்டிட்டாங்க."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாருங்க பேசறது?"

"என்ன கேள்வி இது? நான்தான்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அவர் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. பாதி வழியிலேயே மனசு மாறித் திரும்பிட்டேன்னு சொன்னாரு. இப்ப குளிச்சிட்டிருக்காரு..."

போனுக்குள் தண்ணீர் விழும் சத்தம் அவருக்குக் கேட்டது. நடுவில் ஓர் இருமல். அவருடைய இருமல்.

"பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளிய வா. குளியலறைத் தாழ்ப்பாள வெளிப்பக்கமாப் போட்டுட்டு வா. இப்பவே."

காதுக்குள் ஒரு புருஷன், கதவுக்குப் பின்னால் ஒரு புருஷன். ஒரே குரல். யாரை நம்புவது? அக்கா போனை வைத்தாள். சத்தம் வராமல் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு வேன் டிரைவரின் கதவைத் தட்டினாள்.

கடைக்குப் போனால், ஷட்டரில் புத்தம்புது பூட்டு தொங்கியது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. வாசலில் பைக் இல்லை. அது வீட்டு வாசலில் நின்றதை அக்கா வரும்போதே பார்த்திருந்தாள். டிரைவர் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். உள்ளேயிருந்து அக்கா வீட்டுக்காரர் வெளியே வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திறந்தார்கள். யாரும் இல்லை. ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் அங்கே ஜன்னல். ஆணியில் ஒரு சட்டை மாட்டியிருந்தது. அவர் போட்டிருந்த அதே சட்டை. பாக்கெட்டில் இருந்த மைக்கறைகூட அதே இடத்தில்.

அவ்வளவுதான். கடை இன்றைக்கும் நடக்கிறது. அந்த ராத்திரிக்குப் பிறகு கணக்கு ஒரு நாளும் இடித்ததில்லை. பத்தே நிமிஷத்தில் எண்ணி முடித்துவிட்டு வந்துவிடுகிறாராம்.

"பூட்டினது யாரு?" என்று கேட்பீர்கள். நானும் நண்பனிடம் அதைத்தான் கேட்டேன். போன மாதம் அக்கா குழந்தையோடு அவன் வீட்டில் இரண்டு நாள் தங்கினாளாம். அடுப்படியில், மற்றவர்கள் தூங்கின பிறகு சொல்லியிருக்கிறாள்.

"கல்யாணமானதுலேர்ந்து அவர் என்னைப் பேர் சொல்லித்தான்டா கூப்பிடுவாரு. அன்னிக்கு நான் பாப்பாவத் தூக்கிட்டு வெளிய ஓடறப்ப, உள்ள இருந்தவர் என் பேரச் சொல்லிச் சொல்லிக் கதவத் தட்டினாரு. அழுதாருடா... கடையிலேர்ந்து நாங்க கூட்டிட்டு வந்தவர் இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட என் பேரச் சொன்னதில்ல. போன வாரம் பக்கத்துல படுத்துக்கிட்டே கேட்டுட்டேன். என் பேர் என்ன, சொல்லுங்க பாப்போம்னு."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. சிரிச்சிக்கிட்டே லைட்ட அணைச்சிட்டாரு."