நாற்பத்து மூன்றாம் எண் ஃபைல்

இந்தக் கம்ப்யூட்டருக்கு சுவிட்சைப் போட்டதும் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். அதற்குள் மவுசைத் தொட்டால் திணறி நின்றுவிடும். நேற்று நீங்கள் அவசரப்பட்டு மூன்று முறை அணைத்துப் போட்டதைப் பார்த்தேன். சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு அந்தப் பொறுமை இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு முந்தானையால் திரையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

அப்புறம் அம்மாவின் நோட்டை என் முன்னால் வைத்து, நாற்பத்து மூன்றாம் எண்ணில் விரலை வைத்து, "இது என்னா ஃபைலுங்க? இதுக்கு மட்டும் ஏன் சிவப்பு மை?" என்று கேட்டீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். பிறகு யோசித்தேன். நீங்கள் அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்கிறவர். இன்று இல்லாவிட்டால் நாளை கண்டுபிடித்துவிடுவீர்கள். நீங்களாகக் கண்டுபிடித்தால் ஏதோ ஒரு மாதிரி புரிந்துகொள்வீர்கள். நான் சொன்னால் சரியாகச் சொல்வேன். அதனால் நீங்கள் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் இதே கம்ப்யூட்டரில் தட்டி வைக்கிறேன், மாறன் சார்.

என்னைப் பற்றி அம்மா உங்களுக்குச் சொல்ல வாய்ப்பில்லாமல் போய்விட்டது. என் பெயர் அன்புச்செல்வி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிர் செய்யும் குடும்பம். கல்யாணமாகி ஐந்தாம் வருடம், குழந்தை இல்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை; எனக்குச் சோறு போடும்போது மட்டும் தட்டைச் சத்தமாக வைப்பாள். கம்ப்யூட்டர் படித்து, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே மனு டைப் அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். 2001-இல் உங்கள் மாடி அறையைக் கேட்டு வந்தேன்.

"தனியாவா இருக்கப் போற?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

"நானும் தனியாதான் இருக்கேன். சாயங்காலம் கீழ வந்து சாப்பிடு. ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு?"

ஆறாவது மாதம் எனக்குக் காய்ச்சல். அரை மயக்கத்தில் அம்மா என்று முனகினேன். "ம், இங்கதான் இருக்கேன்" என்று பதில் வந்தது. என்னைப் பெற்றவள் நான் பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குப் பதில் கிடைத்தது அதுதான் முதல் முறை. இதை உங்களால் புரிந்துகொள்ள முடியுமா என்று தெரியவில்லை. உங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

உங்கள் சண்டை எனக்குத் தெரியும். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டீர்கள். இரண்டு முறை போன் செய்தீர்கள், இரண்டு முறையும் அவர் ரிசீவரை வைத்துவிட்டார். வைத்த பிறகு போன் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அது உங்களுக்குத் தெரியாது. போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், எழுத்தில் உடையாது என்று சொல்லித்தான் 2003 ஜனவரியில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார். மார்ச் மாதம் உங்களுக்கு ஒரு மெயிலை அவர் சொல்ல, நான் டைப் அடித்து அனுப்பினேன். "எழுதினால் படிப்பேன். ரே." அவ்வளவுதான். ரேணுகாம்பாள் என்ற முழுப் பெயரைக்கூடப் போடவில்லை. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தபோது கோப்புகளில் போட்ட அதே சுருக்கக் கையெழுத்து.

"நான் ஒரு அடி வெச்சிட்டேன் செல்வி. இனிமே அவன்தான் வெக்கணும்" என்றார்.

ஒன்பதாம் நாள் நீங்கள் வைத்தீர்கள். காலையில் அம்மா குளிக்கப் போயிருந்தபோது, வேலைக்குக் கிளம்பும் முன் நான் மெயில் பார்த்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். ஜூனில் குழந்தை என்று எழுதியிருந்தீர்கள். பிறகு, அங்கே எதற்குத் தனியாக, வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை எழுதும்போது மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அம்மா எனக்கு அடை வார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இப்படியே ஒரு வாரம் உங்கள் கடிதத்தை வேறு இடத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அம்மா தானாகவே மெயிலைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். டைப் அடிக்கத்தான் விரல் நடுங்கும், திறந்து பார்க்க வரும். அதனால்தான் அந்த ஃபைல் தேவைப்பட்டது. மெயில் புரோகிராமில் ஒரு விதி எழுதினேன். உங்கள் முகவரியிலிருந்து எது வந்தாலும் அம்மா பார்க்கும் இடத்தில் காட்டாமல், உள்ளே இன்னொரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எடுக்கவும் ஒரு நிமிடம் ஆகாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதுதான் எனக்கு அன்று இருந்த சமாதானம்.

சித்ரா பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் கிளம்பினார். சாமி பெயரைச் சொல்லி அவர் ஒரு தேங்காய் உடைத்துக்கூட நான் பார்த்ததில்லை. "அவன் எழுதற வரைக்கும் மாசா மாசம் வெறுங்காலோட சுத்தறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றார். இராத்திரிக் கூட்டம் ஆகாது என்று, திதி முடிவதற்குள் விடியும் வேளையில் போவோம். பதினாலு கிலோமீட்டர். அவருக்குச் சர்க்கரை வியாதி. செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று எத்தனையோ முறை சொன்னேன். நான் சொன்னதற்குச் சாட்சி உண்டு, எதிர்வீட்டு பாஞ்சாலையைக் கேளுங்கள். தனியாக மட்டும் ஒரு மாதமும் விட்டதில்லை. ஒன்பது பௌர்ணமியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வெறுங்காலோடு நடந்தேன்.

ஜூலையில் செய்தித்தாளில் என்னவோ படித்தார். கம்ப்யூட்டருக்குள் நமக்குத் தெரியாத ஃபைல்கள் புகுந்து மெயிலை விழுங்கிவிடுமாம். அன்றே நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டார். முப்பத்திரண்டு வருடம் கலெக்டர் ஆபீஸில் கோப்பு பார்த்து சூப்பிரண்டாக ரிடையர் ஆனவர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு ஃபைல் வீட்டில் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வரிசை எண், ஃபைல் பெயர், தேதி, என்ன வேலை செய்கிறது, வைப்பதா அழிப்பதா, குறிப்பு. ஆபீஸ் வழக்கப்படியே எழுதினார்; ஒரு வருடத்தில் அழிக்கக்கூடியது எல்.டிஸ்., காலத்துக்கும் அழிக்கக் கூடாதது ஆர்.டிஸ்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இதுதான் எங்கள் வேலை.

"செல்வி, இது என்னா ஃபைலு?"

"மவுசு எவ்ளோ வேகமா ஓடணும்னு வெச்சிருக்கறதும்மா."

"அழிச்சா?"

"பழைய வேகத்துக்குப் போயிடும். வேற ஒண்ணும் ஆவாது."

"அப்ப எல்.டிஸ். இது?"

"ஸ்க்ரீன்ல என்னா படம் வரணும்னு."

நாற்பத்திரண்டு ஃபைலுக்கு நான் சொன்னதெல்லாம் உண்மை. தெரியாததைக் கடையில் விசாரித்து வந்து சொன்னேன். நீங்கள் வேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.

நாற்பத்து மூன்றில் அம்மா நின்றுவிட்டார். "ரூல்ஸ்னு போட்டிருக்கு. யாரு போட்ட ரூல்ஸ்?"

"கம்பெனிக்காரங்க போட்டதும்மா."

"மத்ததெல்லாம் ஜனவரி தேதி. இது மட்டும் மார்ச் இருபத்தொண்ணுன்னு இருக்கே? அப்புறமா யாரு உள்ள வெச்சா?"

மனு டைப் அடிக்கிறவளுக்கு ஆபீஸ் சூப்பிரண்டின் கண்ணைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். "அன்னைக்குப் புது மெயில் புரோகிராம் போட்டேம்மா, அதோட வந்தது. அதுல கை வெச்சா மெயிலே வராது" என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஆர்.டிஸ். என்று எழுதி, இரண்டு கோடு போட்டார். அந்த மத்தியானம் முழுக்க அந்த ஃபைலை நான் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி எனக்கே புத்தி சொன்னார்.

ஆடி மாதப் பௌர்ணமியில் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் ஜல்லி குத்தி இடது பாதத்தில் புண் வந்தது. அன்றிலிருந்து தினம் காலையும் மாலையும் நான்தான் கழுவி, மருந்து வைத்து, துணி கட்டினேன். முகம் சுளித்ததில்லை. பெற்ற மகள்கள் எத்தனை பேர் இதைச் செய்வார்கள்? டாக்டர் நடக்கவே கூடாது என்றார். "மெயில் வந்தா நிறுத்திடறேன் டாக்டர்" என்று அம்மா சிரித்தார். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நீங்கள் விடாமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் எல்லாவற்றையும் படித்தேன். அழிக்கத் தோன்றியதே இல்லை. குழந்தையின் படம் வந்த அன்று லைன் மந்தம். மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் நெற்றி. அம்மாவின் அதே அகன்ற நெற்றி. முழுமுகம் வருவதற்குள் நான் அழுதுவிட்டேன். பக்கத்து அறையில் அம்மா புண்பட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். "யாராவது எழுதியிருக்காங்களா செல்வி?" என்றார். விளம்பரம்தான் என்றேன்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பதில் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன் என்று ஏப்ரலில் எழுதியிருந்தீர்கள். "போன் செய்யாதே. எனக்கு இன்னும் காலம் வேண்டும். எழுதிக்கொண்டிரு. ரே." என்று உங்களுக்கு வந்த பதிலை எழுதியது நான். எழுதிக்கொண்டிரு என்பதைச் சேர்த்தது குழந்தை பிறந்தால் தெரிய வேண்டுமே என்றுதான். பிறகு பொறுக்க முடியாமல் அம்மா உங்களுக்குச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த பதினோரு கடிதங்களும் அனுப்பாமல் இதே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கடைசிக் கடிதத்தில் உங்கள் மனைவியின் பெயரைக் கேட்டிருக்கிறார்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லாததால், என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி டெலிபோன் பூத்துக்கு வந்தார். ரோஷத்தையெல்லாம் விட்டுவிட்டார். உங்கள் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. மூன்று முறை போட்டுப் பார்த்தார். நீங்கள் வீடு மாறியதும் எழுதிய புது நம்பர் என் கைப்பையில் இருந்தது. அவர் இறந்த அன்று அந்த நம்பருக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இவளுக்கு இந்த நம்பர் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

டிசம்பர் பௌர்ணமி முடிந்து வந்தபோது கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் சுற்ற முடியாது என்று அம்மா சம்மதிக்கவில்லை. விஷம் உடம்பெல்லாம் ஏறியது. கடைசி நாள் காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வா" என்றார். போனேன். உங்கள் பதினேழாவது கடிதம் வந்திருந்தது. குழந்தை குப்புறக் கவிழ்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைக் காகிதத்தில் அச்செடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்றே நடந்தேன். இது சத்தியம்.

கட்டிலருகே போனதும் முடியவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டினால் மற்ற பதினாறையும் காட்ட வேண்டும். அம்மா கடைசியாக என்னைப் பார்க்கிற பார்வை வேறு பார்வையாகிவிடும். அதைச் சுமந்துகொண்டு நான் எங்கே போவேன்? கீழ்பென்னாத்தூருக்கா?

"வரலைம்மா" என்றேன்.

"போவட்டும்" என்றார். "நீ இருக்கியே."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அந்தக் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நீங்கள் நேற்று நோட்டைக் காட்டியபோது, உங்கள் விரலுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கட்டத்தை முதல்முறையாகப் பார்த்தேன். மற்ற எல்லா எண்ணுக்கும் குறிப்பில் 'சரிபார்க்கப்பட்டது' என்று தேதியோடு எழுதியிருக்கிறார். நான் கடைக்குப் போன பிறகு, கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்திருக்கிறார். நாற்பத்து மூன்றில் மட்டும், 'செல்வி சொன்னது. சரிபார்க்க வேண்டியதில்லை.' அதைப் படித்துவிட்டுத்தான் நேற்று மாடிக்குப் போனேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஒரு மகளைப் பற்றித்தான் அப்படி எழுத முடியும்.

நீங்கள் போலீசுக்குப் போவதானால் போகலாம். வீட்டை விற்பதானால் விற்கலாம். நான் தடுக்க மாட்டேன். இன்று காலை அந்த விதியை எடுத்துவிட்டேன். சொன்னேனே, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இனி நீங்கள் எழுதுவது தவறாமல் இங்கே வந்து சேரும். ஊருக்குப் போனதும் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதா என்று எழுதுங்கள், அண்ணா. பதில் நான் போடுகிறேன்.