கறுப்பழகி இறங்குகிறாள்

இரவு பதினொரு மணி. பெடு ஏரிக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் காடு, பெயருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது... வெங்காயம் உரிப்பதை நிறுத்தாதீர்கள், விருந்து நாளைக்கு. உரித்துக்கொண்டே கேளுங்கள்.

இது என் தோழி நோராவின் ஒன்றுவிட்ட அக்கா ரொஸ்னாவுக்கு நடந்தது. கிளினிக்கில் தாதி. அன்று அவள் காரை விரட்டியது பயத்தில் அல்ல, எரிச்சலில்.

அவள் தங்கை ஹஸ்மாவின் புருஷன் தஹா, காட்டில் வானுயர வளரும் துவாலாங் மரமேறித் தேன் எடுப்பவன். மரத்தடியில் தேனீயைத் தேனீ என்று யாரும் சொல்லமாட்டார்களே, அங்கே அதற்கு வேறு பெயர். கறுப்பழகி. பாட்டுப் பாடி அவளைக் கீழே இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் இன்னொரு பாட்டுப் பாடித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த முறை புகை காட்டும் தீப்பந்தம் கைநழுவியது. தஹாவின் தலை, கழுத்து, முதுகு எங்கும் கொட்டு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சுத்திணறல் அடங்கியது. படுத்திருக்கச் சொன்னார்கள். கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

ரொஸ்னா தங்கையிடம் தலைதலையாக அடித்துக்கொண்டாள். "வீக்கம் வடிஞ்சாலும் விஷம் உள்ளே வேலை செய்யும்டி. தசையைக் கரைச்சு கிட்னியை அடைச்சிரும். மூத்திரம் கறுத்தா அந்த நிமிஷமே கூப்பிடு."

ஹஸ்மா கூப்பிட்டாள். ஒரு நாள் கழித்து. சிரித்துக்கொண்டே.

"நேத்தெல்லாம் கடுங்காப்பி மாதிரி போச்சு, அக்கா. கறுப்பழகி இறங்குறா. இன்னிக்குச் சொட்டுகூட இல்லை. முழுசாப் போயிட்டா போல."

"அறிவிருக்காடி உனக்கு? நான் என்ன சொன்னேன்?"

"கத்தாதேக்கா. நீ அனுப்பின தாதிதானே சொன்னா? கறுப்பு இறங்கட்டும், எங்கேயும் தூக்கிட்டுப் போகாதேன்னு. உன்னை மாதிரி இல்லை, எவ்வளவு தன்மையாப் பேசினா தெரியுமா!"

ரொஸ்னா யாரையும் அனுப்பவில்லை.

வழியெல்லாம் அவளைக் குடைந்தது அதுதான். இத்தனை வருஷம் தாதியாக இருந்தும், யாரோ ஒருத்தி வாசலில் நின்று சொன்னது கூடப் பிறந்தவளுக்கு வேதமாகிவிட்டது. என் பேச்சில் என்ன குறை? உண்மையைச் சிரித்துக்கொண்டே சொன்னால்தான் ஏறுமா? தஹா செத்துப்போனால்கூட, நான் கத்தியதைத்தான் இவள் நினைவில் வைத்திருப்பாள்...

வளைவில், வெளிச்சத்துக்குள் ஒருத்தி வந்தாள். வெள்ளைச் சட்டை. வெறுங்கால். ஹஸ்மா வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தாள். ரொஸ்னா ஹாரனை அழுத்தினாள். அவள் விலகவில்லை. கார்தான் ஒதுங்கியது. கண்ணாடி ஏற்றியிருந்தும் உள்ளே ஒரு வாசனை... உருகிய மெழுகு, ஈரப்புகை. ரொஸ்னா திரும்பிப் பார்த்தாள். சாலை காலி.

வீட்டில் தஹாவின் முகம் ஊதியிருந்தது. மூச்சில் மூத்திர வாடை. பின் இருக்கையில் கிடத்தியதும் முனக ஆரம்பித்தான். மரத்தடிப் பாட்டு. இறங்கி வா, இறங்கி வா...

"பாடாதீங்க தஹா! மூச்சை விடுங்க!"

அவன் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அதே வரி.

ரெண்டு கிட்னியும் நின்றுவிட்டன என்றார் டாக்டர். நேற்றே வந்திருந்தால் இவ்வளவுக்குப் போயிருக்காது. உடனே ரத்தம் சுத்தம் செய்யும் மிஷினில் போட்டார்கள். நடைபாதையில் ரொஸ்னா தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருடி அவ? பேராவது கேட்டியா?"

"கேட்டேன்க்கா. சிரிச்சா. மரத்தடியில நீங்க கூப்பிடுற பேருதான்னா. விளையாட்டுக்குச் சொல்றான்னு நினைச்சேன்."

ரொஸ்னா தோளிலிருந்து கையை எடுத்தாள். "அன்னிக்குத் திருப்பி அனுப்புற பாட்டு... பாடினாங்களா?"

"அவர் அலறின அலறல்ல யாருக்குக்கா அந்த நினைப்பு வந்துச்சு?"

தஹா பிழைத்துக்கொண்டான். இன்றும் வாரத்தில் மூன்று நாள் அந்த மிஷின்தான். அன்று முதல் தடவை முடிந்ததும், நானும் தாதிதான் என்று சொல்லி ரொஸ்னாவே அதை நிறுத்தினாள். திரை இருண்டது. குழாய்களைக் கழற்றினாள்.

மிஷினோடது என்று நினைத்திருந்த ரீங்காரம் நிற்கவில்லை.

குனிந்து அவன் விலாவில் காதை வைத்தாள்... உடனே எடுத்துவிட்டாள்.