இருபத்தேழாம் நாள் அடுப்பு

– அடுப்புல கையை வெச்சுப் பாக்குறேன், சுடுது. இன்னும் என்ன பொய் சொல்லப் போறீங்க, மசிலேலா அத்தை?

– பொய்யா? நான் வாயத் தொறக்கவே இல்லையே! வந்ததுலேர்ந்து நீதான் கத்திக்கிட்டிருக்க. உக்காரு, தெம்பெகா.

– உக்கார வரல. இருபத்தேழு நாள் ஆச்சு. இன்னும் மூணே நாள். அதுக்குள்ள மூட்டிட்டீங்களே!

– ஜூன் மாசம், நடுக் குளிர்காலம்டி. ராத்திரி வாளித் தண்ணி உறைஞ்சே போச்சு.

– எல்லாருக்கும்தான் குளிருது. நிலக்கரிச் சுரங்கத்து வக்கீல் போன விசாரணையில சொன்னது மறந்துபோச்சா?

– மறப்பேனா? ‘உங்க தெருவுல விழுற கரி எங்களுது இல்ல, உங்க வீட்டு அடுப்புப் புகை’ன்னு பல்லக் காட்டினான். எந்திரிச்சுப் போய் அந்தப் பல்லத் தட்டணும்போல இருந்துச்சு.

– அதனாலதானே முப்பது நாள் ஒருத்தரும் கரி அடுப்பு மூட்டக் கூடாதுன்னு தெருவே கூடி முடிவு பண்ணோம்? அடுப்பு எரியாத தெருவுல, கொடியில கட்டின வெள்ளத் துணி கறுத்தா அவனால என்ன பேச முடியும்? முதல் ஆளா கைதட்டினது யாரு? நீங்க!

– தட்டினேன், இல்லங்கல. அன்னைக்கு கரண்ட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை போனது, இன்னைக்குப் புதன், வந்துச்சா? உங்க மாமாவுக்கு என்ன, பச்ச மாவக் கரைச்சு ஊத்தவா? இருபது வருசம் அந்தக் குழியில இறங்கின நெஞ்சுடி அது. ராத்திரியெல்லாம் கொல்லன் துருத்தி மாதிரி இழுக்குது.

– எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நமக்காகப் போராட ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து வந்திருக்கிற பசங்க கேஸ் அடுப்பு கொண்டுவந்து வெச்சிருக்காங்கல்ல?

– முப்பது வீட்டுக்கு ஒரு அடுப்பு! கரண்ட்டு போன அன்னைக்கே பானையத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னேன். என் முறை வர்றதுக்குள்ள கேஸ் காலி. நல்ல பசங்கதான், குத்தம் சொல்லல. உக்காந்து பாட்டுப் பாடுறாங்க. பாட்டுல களி வேகுமா?

– விளையாடாதீங்க அத்தை. திங்கக்கிழமை விசாரணை. தோத்தோம்னா பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் தோண்டுவான். என் தம்பி இப்பவே மூச்சுக்குத் தவிக்கிறான். ஒரு வீட்டு அடுப்பு போதும், அவன் அதையே பிடிச்சுக்குவான். எரிச்சலா வருது எனக்கு. அழுகையா வருது.

– ஒரு வீடுன்னு உனக்கு யாரு சொன்னா?

– இன்னும் இருக்காங்களா? யாரு? பேரச் சொல்லுங்க. இப்பவே அவங்க வாசல்ல போய் நிக்குறேன்.

– வேணாம்டி. விடு.

– சொல்லுங்க! தெருவுக்கே துரோகம் பண்ணிட்டு எப்படிச் சோறு இறங்குது அவங்களுக்குன்னு கேக்குறேன்.

– திங்கக்கிழமைலேர்ந்து விடியறதுக்கு முன்ன என் அடுப்புலேர்ந்து தணல் வாரிக்கிட்டுப் போறது உங்கம்மாதான். ‘ஊருக்காக அலையுற புள்ள, பச்சத் தண்ணியில குளிக்க விட மனசு வரல’ன்னா. ஏண்டி, கரண்ட்டு இல்லாத வீட்டுல மூணு நாளா வெந்நி எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவையாவது கேட்டியா நீ?