ஸ்காட்லாந்துப் பீப்பாய்

"ஸ்காட்லாந்துல நான் வாங்கிப்போட்ட விஸ்கிப் பீப்பா இருக்குல்ல மச்சான், அப்படி ஒண்ணு இல்லவே இல்லையாம்."

போடியிலிருந்து போடிமெட்டு மலைக்கு ஏறும் பஸ்சில் எனக்கு முன் சீட்டுக்காரர் சொன்னார். நெற்றி நிறைய விபூதி, மடியில் ஏலக்காய்ப் பை. பக்கத்திலிருந்த மச்சான் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடிக்காத ஆளுக்கு எதுக்கு மாப்ளே விஸ்கி?"

"ஏலக்கா கெடந்தா வெளுத்துப்போகும், விஸ்கி பீப்பாயில கெடந்தா வெல ஏறிக்கிட்டே இருக்கும்னான் வித்தவன். குரங்கணித் தோட்டத்த அடமானம் வச்சுல்ல போட்டேன். இப்ப போனையே எடுக்க மாட்டேங்குறான்."

"ஏலக்கா ஏலத்துல ஒரு மூட்ட எடுக்கவே சாம்பிளக் கடிச்சு, மோந்து, எல்லார் உசுரையும் வாங்குவ. இத மட்டும் கண்ண மூடிக்கிட்டா வாங்குன?"

"யாரு கண்ண மூடுனா? இதுக்கும் சாம்பிள் கேட்டேன். ரெண்டு தடவ பாட்டில் அனுப்புனான். எனக்கு ருசி தெரியாதுன்னு ஒங்ககிட்டதான குடுத்தேன்? ரெண்டு தடவையும் அசல் சீமைச் சரக்குன்னு சொன்னது யாரு?"

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் உறுமிக்கொண்டே ஒரு கொண்டை ஊசி வளைவைக் கடந்தது.

"மொத மடக்குலயே தெரிஞ்சுபோச்சு மாப்ளே. அது நம்ம பஸ் ஸ்டாண்டுக் கடையில விக்கிற பிராந்தி."

"அடப்பாவி மச்சான்! அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ரெண்டாவது பாட்டில் வந்திருக்குமா?"