பிணக்கு நீக்கப் படிவம்

லீடர்: ...சரி, முதல் கேள்வி. "பிணக்கின் ஊற்றுக்கண் யாது?"

கொட்டாவி: நீதான்னு எழுது.

லீடர்: ரெண்டு வரி இடம் விட்டிருக்காங்க.

கொட்டாவி: "மாண்புமிகு வகுப்புத் தலைவி"ன்னு பட்டத்தோட எழுது. நிரம்பிடும்.

லீடர்: இங்க பாரு. மூணு வாரமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயாச்சு. இன்னிக்கு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலைன்னா ஒருத்தியை பி செக்ஷனுக்கு மாத்திடுவாங்களாம்.

கொட்டாவி: ஒருத்தியை... லீடரையா மாத்துவாங்க?

லீடர்: ...அடுத்த கேள்வி. "உள்ளத்தில் உறைந்த கசப்பு, பத்துக்கு எத்தனை?"

கொட்டாவி: அதுக்கும் மார்க்கா. பாஸ் மார்க் எவ்வளவு?

தலைமையாசிரியர்: என்னம்மா, உள்ளம் திறந்தாச்சா?

லீடர்: இன்னும் ஒரு கேள்வி இருக்கு சார்.

தலைமையாசிரியர்: சீக்கிரம் திறங்க. போட்டோக்காரர் வந்து உட்கார்ந்திருக்கார். "மனம் விட்டுப் பேசும் மாணவியர்"னு பேனரே அடிச்சாச்சு. கட்டிப்பிடிக்கும்போது முகம் ரெண்டும் கேமரா பக்கம் இருக்கணும். கதவைச் சாத்திக்கிறேன்... தாராளமாப் பேசுங்க. அஞ்சு நிமிஷம்.

கொட்டாவி: போயிட்டாரா?

லீடர்: ஜன்னல்கிட்ட நிக்கிறார். எழுதற மாதிரி பண்ணு.

கொட்டாவி: ஒண்ணு கேக்கறேன். படிவத்துக்கு இல்ல. கடைசி பெஞ்சுல பாதிப் பேர் குறட்டை விடறாங்க. என்னை மட்டும் ஏன் போய்ச் சொன்னே?

லீடர்: அது... கடமை.

கொட்டாவி: உன் கடமைக்கு எங்கப்பா லீவு போட்டு வந்து நின்னார். "விழிப்பே வெற்றி"ன்னு சார் அரை மணி நேரம் பேசினார். கேட்டுக்கிட்டே அப்பா தூங்கிட்டார்.

லீடர்: சிரிக்க வைக்காதே, அவர் பாக்கறார்...

கொட்டாவி: வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. நான் ஏன் தூங்கி விழறேன்னு அவருக்குத் தெரியும்.

லீடர்: ஏன்?

கொட்டாவி: அக்கா குழந்தை. ராத்திரி மணிக்கு ஒருதரம் அழுவுது. அக்காவுக்கு உடம்பு இன்னும் தேறலை. அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போகணும். நான்தான் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறேன். இங்க வந்து சொன்னா அக்கா காதுக்குப் போகும். என்னாலதான் உன் படிப்பு கெடுதுன்னு அதுவும் சேர்ந்து அழும். ரெண்டு பேரைத் தோள்ல போட என்னால ஆகாது.

லீடர்: ...குழந்தை விஷயம் தெரியாதுடி. உனக்குத் தூக்கம் இல்லைன்னு மட்டும் தெரியும். அன்னிக்குக் கணக்கு எழுதும்போது உன் பேனா நோட்டை விட்டு இறங்கி மேசை மேல போச்சு. "தூங்கறா"ன்னு நான் சொல்லவே இல்லை. "மயக்கம் மாதிரி இருக்கா"ன்னுதான் சொன்னேன்.

கொட்டாவி: மயக்கமா?

லீடர்: மயக்கம்னா சிக் ரூமுக்கு அனுப்புவாங்க, நீ ரெண்டு பீரியட் படுத்துக்குவேன்னு நெனச்சேன். சார் அதை "ஒழுக்கக் குறைவு"ன்னு எழுதி அப்பாவைக் கூப்பிடுவார்னு நான் கண்டேனா.

கொட்டாவி: இதை ஏன் மூணு வாரமா சொல்லலை?

லீடர்: நீ பேச விட்டாத்தானே.

கொட்டாவி: பொய். தினம் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கே. உண்மையைச் சொன்னாத்தான் கையெழுத்து.

தலைமையாசிரியர்: நேரம் முடிஞ்சுதும்மா...

கொட்டாவி: ரெண்டு நிமிஷம் சார். இப்பத்தான் திறக்குது.

லீடர்: கையெழுத்தைப் போடுடி.

கொட்டாவி: சிக் ரூம்ல நாற்காலிதானே கிடக்கு. அங்க எங்க படுக்கறது?

லீடர்: உள்ள, திரைக்குப் பின்னாடி கட்டில் இருக்கு. மெத்தை, ரெண்டு தலையணை. சுவர்ப் பக்கம் தலைவெச்சுப் படுத்தா பதினோரு மணி வரைக்கும் வெயில் வராது.

கொட்டாவி: அது உனக்கு எப்படித் தெரியும்?

லீடர்: ...செவ்வாய்க்கிழமை சாக்பீஸ் வாங்கிட்டு வரேன்னு முக்கால் மணி நேரம் காணாமப் போறேன்ல. இதைச் சொன்னா அதையும் சொல்லணுமேன்னுதான்டி வாயைத் திறக்கலை.