வெள்ளச்சியின் ஒரே குறை

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் மீரா சாகிபு அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் படகு உரிமையாளர் சங்கப் பெருமக்களே! வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பாம்பன் மக்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் சுலைகா மதினி அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நாகேந்திரனின் வணக்கம், சலாம்.

அண்ணன் ஹாஜி சதக்கத்துல்லா மறைந்து மாதங்கள் ஓடிவிட்டன, இப்போதுதான் இரங்கல் கூட்டமா என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தா காலத்தை மதினி முடித்து வெளியே வரட்டும் என்று காத்திருந்தோம். அவர் இல்லாத கூட்டத்தில் அண்ணனைப் புகழ்ந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? காத்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

படகுத் தரகர் என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஓட்டைக்கு மேல் பெயிண்ட் அடித்து விற்பவர் என்றுதானே? எங்கள் அண்ணன் அப்படியா? இல்லை! வாங்க வந்தவரை முதலில் கரை மணலில் உட்கார வைப்பார். டீ வரும். டீ ஆறுவதற்குள் படகின் குறை முழுவதையும் சொல்லி முடிப்பார். வேல்சாமி இங்கே இருக்கிறார், கேளுங்கள். அவர் வாங்க வந்த விசைப்படகைக் காட்டி, இது மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் இடப்பக்கம் இழுக்கும், சுக்கானைப் பிடித்துத் தோள் வலிக்கும் என்றாரே அண்ணன்! அப்படியும் வேல்சாமி வாங்கினார். இன்றுவரை அந்தப் படகைத்தான் ஓட்டுகிறார், தோளும் வலிக்கிறது, அண்ணனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

"கொறையச் சொல்லு, அப்பறம் வெலையச் சொல்லு." அவர் தரகுக் கடையில் நான் கூட்டாளியாகச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அண்ணன் இந்த வழக்கத்தை விட்டாரா? என் மாமனாரிடம், பையன் கோபக்காரன், சட்டி சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினார். அதோ என் மனைவி கனகலட்சுமி சிரிக்கிறாள். குறை தெரிந்தே வாங்கியவள், திருப்பித் தர முடியாது.

இப்படிப்பட்ட அண்ணனால் ஒரே ஒரு படகை மட்டும் விற்க முடியவில்லை. வெள்ளச்சி! உலகத்தைச் சுற்றப் புறப்பட்ட ஒரு வெளிநாட்டுத் தம்பதி, பாம்பன் வரை வந்ததும் கடல் போதும் என்று விமானம் ஏறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பாய்மரப் படகை அண்ணன் வாங்கினார், மறுபடி விற்பதற்காகத்தான். பந்தயத்துக்கு விட்டால் பறக்கும். உள்ளே படுக்கை, அடுப்படி என்று ஒரு குடும்பமே மாதக்கணக்கில் குடியிருக்கலாம். 'விற்பனைக்கு' என்று பலகை எழுதிக் கம்பியில் மாட்டினார். வெயிலில் எழுத்து மங்கும், புதிதாக எழுதுவார். மறுபடி மங்கும், மறுபடி எழுதுவார். படகு மட்டும் அங்கேயே நின்றது.

ஏன்? குறை கிடைக்கவில்லை! குறை சொல்லாமல் எப்படி விற்பது? அதனால் தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பாயை ஏற்றிக்கொண்டு குறை தேடப் புறப்படுவார், பொழுது சாய்ந்து தொழும் மஃரிபுக்கு முன்னால் கரைக்கு வந்துவிடுவார். தூத்துக்குடி பாண்டீஸ்வரன் விலை கேட்டு வந்தபோதெல்லாம், குறை தெரிந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று டீ கொடுத்து அனுப்பினார். ஊரே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். மதினி வெள்ளச்சியில் கால் வைத்ததே இல்லை. அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வார். "அவுக என்னயப் பாத்ததவிட அதப் பாத்ததுதான் கூட, தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதில் விளையாட்டு இல்லை.

இத்தா முடிந்ததும் மதினி சொல்லி அனுப்பினார்: அதை உடனே விற்றுவிடுங்கள், என் கண்ணில் படக் கூடாது. நான் முடியாது என்றேன். குறை தெரியாமல் விற்றால் அண்ணன் தொழிலுக்கு என்ன மரியாதை? எனக்குக் கோபம், அவருக்கும் கோபம். கடைசியில், நீங்கள் எல்லாரும் அதை ஆசையாகவே பார்த்தவர்கள், உங்கள் கண்ணுக்கு எப்படிக் குறை தெரியும், நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இன்று விடியற்காலை பஜ்ரு தொழுகையை முடித்துவிட்டு வந்தார். துணைக்குக் கனகலட்சுமி. பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தினேன். அதன் பிறகு சத்தமே இல்லை. கரைக்காற்று பாயைத் தொட்டதும், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல வெள்ளச்சி லேசாகச் சாய்ந்தாள். பாலம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. தண்ணீருக்கடியில் பாசி மெதுவாகத் தலையாட்டுவது தெரிந்தது. நாங்கள் போகிறோமா, நாங்கள் நின்றுகொண்டிருக்கக் கடல்தான் போகிறதா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. மதினி கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருப்பவா மதினி என்று கேட்டேன். செத்த நேரம் போவோமே என்றார். வெயில் ஏறியது. மறுபடி கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். மூன்றாம் முறை கேட்டபோது திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"கொறை இதான் தம்பி. இதுல ஏறுனா எறங்க மனசு வரல."

நான் படகைத் திருப்பினேன். கரை தெரியத் தொடங்கியது, மீன் காயும் வாசம் வந்தது.  மதினி படகை விட்டு இறங்கி, மணலில் நின்று, திரும்பி வெள்ளச்சியை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்.

"இத விட்டு எறங்கியா அவுக தெனமும் வீட்டுக்கு வந்தாக?"

நான் அழுதேன். அவரும் அழுதார்.

அன்பர்களே! அண்ணன் குறையைக் கண்டுபிடிக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? தினம் தினம் அந்தப் படகைவிட்டு இறங்கியவருக்கா அது தெரியாமல் போகும்? தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் விற்க வேண்டுமே! இது ஒன்றுதான் எங்கள் அண்ணன் தொழிலில் செய்த கள்ளத்தனம். அல்லாஹ் அதை மன்னித்து, அவருக்குச் சுவனத்தில் நல்ல இடம் தரட்டும். அங்கே கடலும் இருக்கட்டும்.

பார்த்துவிட்டேன் தம்பி, இனி மனநிறைவோடு விற்றுவிடுங்கள் என்று மதினி சொல்லிவிட்டார். குறையைச் சொல்லாமல் ஒரு சின்ன வல்லத்தைக்கூட எங்கள் கடை விற்காது என்று இந்தச் சபை அறிய உறுதி சொல்கிறேன். அந்த உறுதியை இப்போதே தொடங்குகிறேன்.

பின்வரிசையில் இருக்கும் பாண்டீஸ்வரன் அவர்களே! வெள்ளச்சி விற்பனைக்கு. ஏறினால் இறங்க மனம் வராது, அதுதான் அவள் குறை. அதையும் மீறி மாலையானால் உங்களைக் கரைக்கு வரவைக்க வீட்டில் ஓர் ஆள் உண்டா? உண்டென்றால் நாளைக்கு வாருங்கள், விலையைச் சொல்கிறேன்.