அழிக்கட்டுமா என்று கேட்ட கம்ப்யூட்டர்

ஆவடி போகும் மின்சார ரயிலில், என் மடியில் குழந்தை தூங்க, எதிரே இரண்டு இளைஞர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அழிச்சிடட்டுமான்னு கேக்குது மச்சான், எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்!"

"எத்த?"

"தங்கச்சியோட ஃப்ளாப்பிய. ஆறு மாசமா எழுதின ஆராய்ச்சி. நாளைக்குக் குடுக்கணும். காலேஜ்ல மேக் கம்ப்யூட்டர்ல அடிச்சிருக்கா, அது வேற சாதி. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அத படிக்கத் தெரியல, ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது."

"எங்க மேனேஜர் மாரி. நீ இன்னா பண்ண?"

"வேணாம்னு அமுக்கிட்டேன். மண்ணூர்பேட்டையில ஒருத்தர் மேக் ஃப்ளாப்பிய படிக்கிற சாஃப்ட்வேர் வச்சிகினு கீறாரு. ஒரு எழுத்து கொறையாம வந்துச்சு."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"இனிமேதான். காலையிலர்ந்து சாப்பிடாம குந்திகினு கீது."

ஆவடியில் வண்டி நிற்குமுன்பே அந்த அண்ணன் ஃப்ளாப்பி இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு குதித்தார். பார்த்து இறங்குங்கள் என்று சொல்லியிருக்கலாமோ? எட்டிப் பார்த்தேன். விழவில்லை, ஓடிக்கொண்டிருந்தார்.